கல்லடைப்பு: நாம் நம்பியதும் ஆய்வுகள் சொல்வதும்

எட்டு வருடங்களுக்கு முன் ஒரு செவ்வாய்க்கிழமை. மூன்றாம் பாடவேளை. தரம் 10க்குப் புணர்ச்சி விதி படிப்பித்துக்கொண்டிருந்தேன். வலப்பக்க முதுகில், விலா எலும்பு முடிகிற இடத்தில், யாரோ உள்ளே இருந்து துணி பிழிகிற மாதிரி ஒரு வலி எழுந்தது. கதிரையில் இருந்து பார்த்தேன், இருக்க முடியவில்லை. எழுந்து நின்றேன், நிற்கவும் முடியவில்லை. "டீச்சர், உங்கட முகமெல்லாம் வேர்க்குது" என்று முன்வரிசைப் பிள்ளை ஒருத்தி ஓடி வந்தாள். மூன்று பிள்ளை பெற்றவள் நான். அந்த வலி பிரசவ வலிக்கு ஓர் இம்மியும் குறைந்ததல்ல.

ஸ்கேன் எடுத்ததில் சிறுநீர்க்கானில் 6 மில்லிமீற்றரில் ஒரு கல். ஊசி போட்டார்கள், மருந்து தந்தார்கள். மூன்று கிழமைக்குப் பிறகு அது தானாக வெளியே வந்தது. அல்ஹம்துலில்லாஹ் என்று வீட்டுக்கு வந்தால் உம்மா, மாமி, பக்கத்து வீட்டு ராத்தா மூவரும் ஒரே தீர்ப்பு: "பாலையும் தயிரையும் இனித் தொடாத புள்ள. அதுலதான் கல்சியம் கிடக்கு. கல்லு அதாலதான் வளருது."

கல்முனைப் பக்கத்தில் பிறந்த ஒருத்திக்கு எருமைத் தயிரை விடுவது எவ்வளவு கஷ்டம் என்று இவ்வூரவருக்குச் சொல்லத் தேவையில்லை. விட்டேன். ஐந்து வருடம் விட்டேன். ஐந்தாம் வருடம் இடப்பக்கத்தில் அடுத்த கல் வந்தது. அப்போது என்னைப் பார்த்த வைத்தியர் கேட்ட முதற்கேள்வி: "யார் உங்களைத் தயிரை நிறுத்தச் சொன்னது?"

அந்தக் கேள்விதான் என்னை வாசிக்க வைத்தது. கல்லடைப்பைப் பற்றி நம் வீடுகளில் புழங்கும் பேச்சுக்கும் கடந்த 30 வருட ஆய்வுகளுக்கும் இடையில் உள்ள தூரத்தை எடுத்துக் காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

பழைய நோய், பழைய சொல்

கல்லடைப்பு, நீரடைப்பு என்ற சொற்களைச் சித்த வைத்தியம் நெடுங்காலமாக ஆள்கிறது. வடமொழியில் சுசுருதர் இதை அஸ்மரி என்று அழைத்து, கல்லை அறுத்தெடுக்கும் முறையையும் விவரித்தார். எகிப்தில் எல் அம்ரா என்ற இடத்துப் புதைகுழியில் 1901இல் எடுக்கப்பட்ட ஓர் உடலின் இடுப்பெலும்புக்கூட்டுக்குள் சிறுநீர்ப்பைக் கல் இருந்தது. அதன் வயது ஏறத்தாழ 7,000 வருடங்கள் என்று கணித்தார்கள்.

அறபு மருத்துவர்களின் பங்கு இதில் சிறியதல்ல. பத்தாம் நூற்றாண்டின் முற்பகுதியில் காலமான அபூபக்கர் அர்ராஸி, சிறுநீரகத்திலும் சிறுநீர்ப்பையிலும் உண்டாகும் கற்களைப் பற்றித் தனியாகவே ஒரு நூல் எழுதினார். குர்துபாவைச் சேர்ந்த அபுல் காசிம் அஸ்ஸஹ்ராவி (936–1013) 'அத்தஸ்ரீஃப்' என்ற 30 பாகப் பெருநூலின் இறுதிப் பாகத்தைச் சத்திரசிகிச்சைக்கே ஒதுக்கினார். சிறுநீர்வழியில் சிக்கிய கல்லை, மெல்லிய துளைகருவி ஒன்றை உள்ளே செலுத்தி, மெதுவாகத் திருகி உடைக்கும் முறை அதில் இருக்கிறது. கல்லை முழுதாக இழுக்காமல் உள்ளேயே உடைத்துத் துகளாக வெளியேற்றுவது என்ற எண்ணம் இன்றைய லேசர் சிகிச்சையின் எண்ணமும்தான். கருவி மாறியிருக்கிறது.

கல் எப்படி உண்டாகிறது?

புத்தளத்திலும் ஆனையிறவிலும் உப்பளம் பார்த்தவர்களுக்கு இதை விளக்குவது சுலபம். கடல்நீரில் உப்பு கரைந்து கிடக்கும்வரை கண்ணுக்குத் தெரியாது. வெயிலில் நீர் வற்ற வற்ற, ஒரு கட்டத்தில் அந்த நீரால் அவ்வளவு உப்பையும் தாங்க முடியாமல் போகும். அப்போது பளிங்கு பளிங்காக உப்பு படியத் தொடங்கும். சிறுநீரகத்திலும் இதுவே நடக்கிறது.

நம் இரண்டு சிறுநீரகங்களும் ஒரு நாளைக்குச் சுமார் 180 லீற்றர் திரவத்தை வடிகட்டுகின்றன. அதில் பெரும்பகுதியை உடல் மீளவும் உறிஞ்சிக்கொள்ள, ஒன்றரை லீற்றர் அளவே சிறுநீராக வெளியேறுகிறது. கழிவுப் பொருட்கள் அந்தச் சிறிதளவு நீரில்தான் கரைந்து போக வேண்டும். கல்சியமும் ஒட்சலேற்றும் அளவுக்கு மிஞ்சி நெருக்கமாகிவிட்டால் இரண்டும் சேர்ந்து பளிங்காகின்றன. பளிங்கு ஒட்டிக்கொள்ள இடமும் வேண்டும். சிறுநீரகத்தின் உட்புற நுனிகளில் படியும் கல்சியம் பொசுபேற்றுத் திட்டுகளை 1937இல் அலெக்சாண்டர் ராண்டல் விவரித்தார். பல கற்கள் இத்திட்டுகளின்மேல்தான் வேர்கொள்கின்றன என்பதைப் பிற்கால ஆய்வுகள் உறுதிசெய்துள்ளன.

எல்லாக் கல்லும் ஒரே கல் அல்ல. உலகெங்கும் பெரும்பான்மை கல்சியம் ஒட்சலேற்றுக் கற்களே. அடுத்து கல்சியம் பொசுபேற்று, யூரிக்கமிலம், கிருமித்தொற்றால் வளரும் கற்கள், பரம்பரையாக வரும் சிஸ்டீன் கற்கள் என வரிசை போகிறது. இலங்கைக் கற்களையும் ஆராய்ந்திருக்கிறார்கள். பேராதனைப் பல்கலைக்கழகப் புவிச்சரிதவியலாளர் ரோஹன சந்திரஜித்தும் அவருடன் சேர்ந்தோரும் 2006இல் வெளியிட்ட ஆய்விலும் கல்சியம் ஒட்சலேற்றே முதலிடத்தில் நிற்கிறது.

ஆகவே கல் வெளியே வந்தால் அதை வீசிவிட வேண்டாம். ஒரு சிறிய போத்தலில் போட்டு வைத்தியரிடம் கொண்டுபோங்கள். எந்த வகை என்று தெரிந்தால்தான் தடுப்பதற்கு வழி தெரியும். நான் என் முதற்கல்லை மலசலகூடத்தில் போகவிட்டவள். அந்தப் பிழையையும் சேர்த்தே எழுதுகிறேன்.

தயிர்மேல் விழுந்த பழி

கல்லில் கல்சியம் இருக்கிறது, பாலில் கல்சியம் இருக்கிறது, எனவே பாலை விடு. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. வைத்தியர்களே வெகுகாலம் இப்படிச் சொன்னார்கள்.

1993இல் அமெரிக்காவின் கேரி கர்ஹன் குழுவினர் 45,619 ஆண்களைப் பின்தொடர்ந்து வெளியிட்ட ஆய்வு இதைத் தலைகீழாக்கியது. உணவில் கல்சியம் அதிகம் எடுத்தவர்களுக்குக் கல் குறைவாக வந்திருந்தது. 2002இல் இத்தாலியில் லொரிஸ் போர்கி இன்னும் இறுக்கமான சோதனை செய்தார். சிறுநீரில் கல்சியம் அதிகம் போகிற, மீண்டும் மீண்டும் கல் வந்த 120 ஆண்களை இரண்டாகப் பிரித்தார். ஒரு பிரிவுக்குப் பழைய புத்திமதியின்படி கல்சியம் குறைந்த உணவு. மற்றப் பிரிவுக்கு வழமையான அளவு கல்சியம், ஆனால் உப்பும் இறைச்சியும் குறைவு. ஐந்து வருட முடிவில் கல்சியத்தைக் குறைத்த 60 பேரில் 23 பேருக்கு மீண்டும் கல். மற்ற 60 பேரில் 12 பேருக்கு மட்டுமே.

காரணம் குடலில் இருக்கிறது. கீரை, முந்திரி, கச்சான், சொக்கலேற் முதலானவற்றில் ஒட்சலேற்று உண்டு. சாப்பாட்டோடு கல்சியமும் சேர்ந்து போனால் இரண்டும் குடலிலேயே பிணைந்து மலத்தோடு கழிந்துவிடும். கல்சியம் இல்லாவிட்டால் தனித்துப்போன ஒட்சலேற்று இரத்தத்தில் ஏறிச் சிறுநீரகத்துக்கு வந்து சேரும். நான் தயிரை விட்ட ஐந்து வருடமும் பசளிக்கீரையை விடவில்லை. "இரத்தம் ஊறும்" என்று கிழமைக்கு நாலுதரம் சுண்டிச் சாப்பிட்டேன். விளைவு உங்களுக்குத் தெரியும்.

ஒரு நாளைக்கு 1,000 முதல் 1,200 மில்லிகிராம் கல்சியம் உணவிலிருந்து கிடைக்க வேண்டும். சோற்றோடு ஒரு கோப்பைத் தயிர் கல்லுக்கு எதிரி. குளிசையாக எடுக்கும் கல்சியத்தின் கதை வேறு. அமெரிக்காவில் மாதவிடாய் நின்ற பெண்களிடம் நடந்த பெரிய சோதனையொன்றில், கல்சியமும் வைற்றமின் டீயும் குளிசையாக எடுத்தவர்களுக்குக் கல் வரும் வாய்ப்பு 17 சதவீதம் கூடியது. வைத்தியர் தந்த குளிசையை இதைப் படித்துவிட்டு நிறுத்த வேண்டாம். அவரிடம் கேட்டு, சாப்பாட்டோடு சேர்த்து எடுங்கள்.

அப்படியானால் எதைக் குறைப்பது? முதலில் உப்பு. சோடியம் கூடக் கூடச் சிறுநீரில் கல்சியமும் கூடிப் போகும். நம் கரையில் கருவாடும் ஊறுகாயும் இல்லாத வீடு குறைவு. அடுத்து இறைச்சி. மாட்டிறைச்சி, ஈரல், நெத்தலி போன்றவை யூரிக்கமிலத்தைக் கூட்டுவதோடு, கல் படியாமல் தடுக்கும் சித்திரேற்றைச் சிறுநீரில் குறைத்துவிடுகின்றன. கலியாண மாதங்களில் கிழமைக்கு மூன்று புரியாணி சாப்பிடுகிறவர்கள் இதை யோசிக்க வேண்டும். மூன்றாவது சீனி போட்ட போத்தல் பானங்கள். புரியாணிக்குப் பின்னால் அதுவும் வந்துவிடுகிறது. வைற்றமின் சீ 1,000 மில்லிகிராம் குளிசையைத் தினமும் போடுகிற ஆண்களுக்கும் கல் கூடுதலாக வருவதாகச் சுவீடன் ஆய்வொன்று 2013இல் காட்டியது. தேசிக்காயில் சித்திரேற்று இருக்கிறது. சீனியும் உப்பும் போடாமல் தண்ணீரில் பிழிந்து குடிப்பது நல்லது.

புதிதாக வெளிச்சத்துக்கு வந்த இன்னொரு காரணம் அன்ரிபயோற்றிக். பிரித்தானிய நோயாளர் பதிவேடுகளை வைத்து கிரெகரி தாசியன் குழுவினர் 2018இல் வெளியிட்ட ஆய்வில், ஐந்து வகை அன்ரிபயோற்றிக் மருந்துகளுக்கும் கல்லுக்கும் தொடர்பு தெரிந்தது. சிறு வயதில் எடுத்தவர்களிடம் அது கூடுதல். குடலில் ஒட்சலேற்றைத் தின்று வாழும் நல்ல கிருமிகளும் உண்டு, அவற்றையும் இம்மருந்துகள் அழித்துவிடலாம் என்பது விளக்கம். தடிமன் பிடித்தவுடன் பார்மசியில் தாமாகவே வாங்கிப் பிள்ளைக்குக் கொடுக்கிற பழக்கத்தை விட இது இன்னொரு நியாயம்.

தண்ணீரும் வெயிலும்

தண்ணீர் குடி என்று எல்லாரும் சொல்வார்கள். எவ்வளவு, ஏன் என்பதற்கும் சோதனை இருக்கிறது. 1996இல் அதே போர்கி, முதற்கல் வந்த 199 பேரை எடுத்து, ஒரு பிரிவினரை நாளொன்றுக்கு 2 லீற்றருக்குக் குறையாமல் சிறுநீர் போகும்படி குடிக்கச் சொன்னார். ஐந்து வருடத்தில் அவர்களில் 12 சதவீதத்தினருக்கே மீண்டும் கல். வழமைபோல் இருந்தவர்களில் 27 சதவீதம். மருந்தில்லை, செலவில்லை. பாதிக்கு மேல் குறைந்திருக்கிறது.

அளவு குடிக்கிற தண்ணீரில் இல்லை, போகிற சிறுநீரில் இருக்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும். வியர்வையில் போனது கணக்கில் வராது. வைகாசி வெயிலில் வயலில் நிற்பவருக்கும் கடலுக்குப் போகிறவருக்கும் 3 லீற்றர் குடித்தாலும் போதாமல் இருக்கலாம். சிறுநீர் வெளிர்நிறமாகப் போகிறதா என்று பார்ப்பதே வீட்டு அளவுகோல்.

"நம்மட கிணத்துத் தண்ணில சுண்ணாம்பு கிடக்கு, கல்லு வராம என்ன வரும்?" என்று கேட்பவர்கள் பலர். கேத்திலின் அடியில் வெள்ளையாகப் படிவதைக் கண்டு எழுந்த பயம் இது. ஆனால் வன்னீருக்கும் சிறுநீரகக் கல்லுக்கும் இறுக்கமான தொடர்பு எதுவும் ஆய்வுகளில் நிறுவப்படவில்லை. தண்ணீருக்குப் பயந்து குறைவாகக் குடிப்பதுதான் ஆபத்து. வடமத்திய மாகாணத்தில் விவசாயிகளைத் தாக்கும் நாட்பட்ட சிறுநீரக நோயையும் இதையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பக் கூடாது. அது சிறுநீரகத் திசுவைச் சத்தமில்லாமல் சிதைக்கும் வேறு நோய்.

வெப்பத்துக்கும் கல்லுக்கும் உள்ள உறவு உறுதியானது. புவி வெப்பமாவதால் அமெரிக்காவில் மட்டும் 2050ஆம் ஆண்டளவில் 16 இலட்சம் முதல் 22 இலட்சம் வரை மேலதிக கல் நோயாளர்கள் உருவாகலாம் என்று 2008இல் ஓர் ஆய்வு கணித்தது. நமக்கு அமெரிக்கா வரை போகத் தேவையில்லை. சாய்ந்தமருதிலும் மருதமுனையிலும் நிந்தவூரிலும் கட்டாரிலோ சவூதியிலோ ஓர் ஆண்பிள்ளை இல்லாத குடும்பம் எத்தனை? வெயிலில் வேலை, ஏசி அறையில் தூக்கம், சாப்பாட்டோடு கோலா. ஊருக்கு வரும்போது பெட்டியோடு கல்லையும் கொண்டு வருகிறார்கள்.

சிகிச்சை

வலி வந்தவுடன் என்ன மருந்து நல்லது என்ற கேள்விக்குச் சிறந்த விடைகளில் ஒன்று கட்டாரிலிருந்தே வந்தது. தோஹா ஹமத் வைத்தியசாலையின் அவசர பிரிவில் 1,645 நோயாளரிடம் நடந்த சோதனை 2016இல் லான்செற் சஞ்சிகையில் வெளியாயிற்று. டைக்குளோபினாக் ஊசி, நரம்பில் ஏற்றும் பரசிற்றமோல், மோர்பின் மூன்றையும் ஒப்பிட்டார்கள். அரைமணி நேரத்தில் வலி பாதியாகக் குறைந்தவர்கள் முறையே 68, 66, 61 சதவீதம். மோர்பினுக்குப் பக்கவிளைவும் கூட. ஆனால் ஏற்கெனவே சிறுநீரகம் பழுதானவர்களுக்கும் குடற்புண் உள்ளவர்களுக்கும் டைக்குளோபினாக் ஆகாது. வலி வந்தால் பார்மசிக் குளிசையோடு நிற்காமல் வைத்தியசாலைக்குப் போகவேண்டியது அதனால்தான்.

எல்லாக் கல்லுக்கும் சத்திரசிகிச்சை தேவையில்லை. அமெரிக்க, ஐரோப்பிய வைத்திய சங்கங்கள் 2007இல் தொகுத்த கணக்குப்படி, சிறுநீர்க்கானில் நிற்கும் 5 மில்லிமீற்றர் வரையான கற்களில் 68 சதவீதமும், 5 முதல் 10 மில்லிமீற்றர் வரையானவற்றில் 47 சதவீதமும் தானாக வெளியேறின. கல்லை இறக்கவென்று கொடுக்கும் தம்சுலோசின் மருந்து 2015இல் பிரித்தானியாவின் பெரிய சோதனையில் பயன் காட்டவில்லை. சீனாவின் 3,000க்கு மேற்பட்டோர் கலந்த சோதனையில், கீழ்ப்பகுதியில் நிற்கும் 5 மில்லிமீற்றரைத் தாண்டிய கல்லுக்குப் பயன் தெரிந்தது. ஆகவே ஆளையும் கல்லையும் பார்த்துத்தான் வைத்தியர் முடிவெடுப்பார்.

பெரிய கல்லுக்கு மூன்று வழிகள். உடலுக்கு வெளியிலிருந்து அதிர்வலை பாய்ச்சி உடைப்பது ஒன்று. விமானம் செய்த டோனியர் கம்பனியின் ஆய்விலிருந்து பிறந்த இம்முறையை, 1980 பெப்ரவரியில் மியூனிக் நகரில் கிறிஸ்டியன் சௌசி முதன்முதலில் மனிதருக்குச் செய்தார். சிறுநீர்வழியே மெல்லிய குழாயைச் செலுத்தி லேசரால் உடைப்பது இரண்டாவது. முதுகில் சிறு துளையிட்டுச் சிறுநீரகத்துக்குள் நேராகப் போய் எடுப்பது மூன்றாவது, 1976இல் தொடங்கியது. விண்வெளி வீரர்களுக்குக் கல் வந்தால் என்ன செய்வது என்ற யோசனையில், மயக்க மருந்தில்லாமல் கல்லை உடைக்கவும் நகர்த்தவும் வல்ல ஒலியலைக் கருவியை வாஷிங்டன் பல்கலைக்கழகத்தார் நாசாவின் உதவியோடு சோதித்து வருகிறார்கள்.

சமீபத்திய இரண்டு முடிவுகளையும் சொல்ல வேண்டும். பெரிய கல்லை எடுக்கும்போது நோவு தராமல் கிடக்கும் சிறிய கற்களை விட்டுவிடுவது வழக்கம். 2022இல் 73 பேரிடம் செய்த சோதனையில், சிறியவற்றையும் சேர்த்து எடுத்தவர்களில் 16 சதவீதத்தினருக்கும், விட்டவர்களில் 63 சதவீதத்தினருக்கும் மீண்டும் தொல்லை வந்தது. மற்றது 2023இல் சுவிற்சர்லாந்தில் 416 பேரிடம் நடந்தது. கல் திரும்பாமலிருக்கப் பல பத்தாண்டுகளாகக் கொடுத்துவந்த ஹைட்ரோகுளோரோதையசைட் மருந்து, வெறும் மாத்திரையைவிட மேலானதாகத் தெரியவில்லை. நம்பிய மருந்தே சோதனையில் தோற்றால் அதையும் வெளியிடுகிறார்கள். மருத்துவத்தை நான் நம்புவதற்கு அதுவும் ஒரு காரணம்.

வலி போனால் கல் போய்விட்டதா?

என் மச்சினன் ஒருவர் தோஹாவிலிருந்து வந்த காலத்தில் இதே வலியில் துடித்தார். ஊசி போட்டதும் வலி அடங்கிற்று. "ஒரு மாசத்தில ஸ்கேன் எடுத்துட்டு வாங்க" என்று சொல்லியனுப்பினார்கள். யாரோ ஒரு கஷாயம் சொல்ல, குடித்தார். வலி திரும்பவில்லை. "கல்லு கரைஞ்சிட்டு மச்சி" என்று எல்லாரிடமும் அந்தக் கஷாயத்தைப் புகழ்ந்தார். ஒன்றரை வருடத்துக்குப் பிறகு, திரும்பவும் வெளிநாடு போக மெடிக்கல் செய்தபோதுதான் தெரிந்தது. கல் சிறுநீர்க்கானில் அதே இடத்தில் நின்றிருந்தது. பின்னால் தேங்கிய நீர் சிறுநீரகத்தை ஊதச்செய்து, அந்தப் பக்கம் ஏறக்குறைய வேலை செய்யாமலே போயிருந்தது.

வலி என்பது அடைப்பு திடீரென ஏற்படும்போது வருகிற எச்சரிக்கை. அடைப்பு நீடித்தால் சிறுநீரகம் உற்பத்தியைக் குறைத்து, அழுத்தம் தணிந்து, வலி மறைந்துபோகலாம். உள்ளே சேதம் தொடரும். எனவே வலி போனாலும் கல் போயிற்றா என்று ஸ்கேன் எடுத்து உறுதிசெய்வது கட்டாயம். வலியோடு காய்ச்சலும் நடுக்கமும் வந்தால், அல்லது சிறுநீர் அறவே போகாவிட்டால், விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. அடைபட்ட நீரில் கிருமி சேர்ந்தால் சில மணித்தியாலங்களில் உயிருக்கே ஆபத்து.

கைவைத்தியத்தை நான் பழிக்கவில்லை. வாழைத்தண்டும் நெருஞ்சிலும் தேங்காய்ப்பூக்கீரையும் அவித்துக் குடிக்கும்போது அதோடு போகிற தண்ணீர் நன்மைதான். ஆனால் ஒட்சலேற்றுக் கல்லைக் கரைக்கும் மருந்து இன்றுவரை எந்த முறையிலும் நிரூபிக்கப்படவில்லை. கரைக்க முடிவது யூரிக்கமிலக் கல்லை. அதற்குப் பொற்றாசியம் சித்திரேற்று போன்ற மருந்தை வைத்தியர் தருவார். இயற்கை என்பதற்காக எல்லாம் தீங்கற்றதும் அல்ல. கேரளத்தில் கொலஸ்ரரோலைக் குறைக்கப் பிலிம்பிக்காய்ச் சாற்றைக் குடித்த 10 பேருக்குச் சிறுநீரகம் திடீரெனச் செயலிழந்ததை 2013இல் வைத்தியர்கள் பதிவுசெய்தார்கள். அந்தப் புளிப்பில் இருப்பது ஒட்சலேற்று. பியர் குடித்தால் கல் போகும் என்று வெளிநாட்டில் சொல்லிக்கொடுத்ததாக இளைஞர் சிலர் தயங்கித் தயங்கிக் கேட்கிறார்கள். மார்க்கத்தில் ஹராம் என்பது ஒருபுறம் இருக்க, அது மருந்தென்று மருத்துவமும் சொல்லவில்லை. சிறுநீரைக் கூட்டும் வேலையைத் தண்ணீர் அதைவிட நன்றாகச் செய்யும்.

நோன்பாளிக்கு

நோன்பு கல்லை உண்டாக்குமா என்று பார்த்த ஆய்வுகளின் முடிவு ஒன்றுபோல இல்லை. பல ஆய்வுகளில் வெப்பமான மாதங்களே காரணமாகத் தெரிகின்றன. கல் வந்து போனவர்கள் இப்தாருக்கும் சஹருக்கும் இடையில் தண்ணீரைப் பங்கிட்டுக் குடிக்க வேண்டும். இப்தாரில் ஒரேயடியாக ஒரு லீற்றரை ஊற்றி நிறுத்துவதில் பயனில்லை. தராவீஹுக்கு முன்னும் பின்னும், படுக்குமுன், சஹரில் என்று பிரித்துக் குடித்தால் இரவெல்லாம் சிறுநீர் தெளிவாகப் போகும். நோன்புக் கஞ்சி நல்லது, உப்புக் கையை இறுக்கிக்கொண்டால். கல் அடைத்து நிற்கிற நிலையில் இருப்பவர் வைத்தியரிடமும் ஆலிமிடமும் கேட்டு, நோயாளிக்கு மார்க்கம் தந்த சலுகையை எடுத்துக்கொள்வதில் குற்றவுணர்வு தேவையில்லை.

கடைசியாக, பாடசாலை

என் இரண்டாவது கல்லுக்குப் பின் வைத்தியர் கேட்ட அடுத்த கேள்வி, "பாடசாலையில் எத்தனை போத்தல் தண்ணீர் குடிப்பீர்கள்?" என்பது. காலை ஏழரைக்குப் போனால் இரண்டு மணிவரை ஒரு மிடறும் இல்லை என்பதே உண்மை. கூச்சத்தோடு காரணத்தைச் சொன்னேன். மலசலகூடத்துக்குப் போக மனம் வராது. நீரில்லை, கதவில் கொளுக்கியில்லை. போகாமலிருக்கக் குடிக்காமலிருந்தேன். இருபது வருடம்.

மறுநாள் என் வகுப்புப் பெண்பிள்ளைகளிடம் கேட்டேன். முப்பத்தொரு பேரில் தண்ணீர்ப் போத்தல் கொண்டு வந்தவர்கள் ஒன்பது. அதை வெறுமையாக்கித் திரும்பக் கொண்டு போகிறவர்கள் இரண்டு. "ஏன் குடிக்கிறல்ல?" என்றேன். ஒருத்தி தலையைக் குனிந்துகொண்டு, "குடிச்சா போகோணும் டீச்சர்" என்றாள். அமெரிக்காவின் தென் கரோலைனா மாநிலத்தில் 1997 முதல் 2012 வரையான பதிவுகளைப் பார்த்த ஆய்வில், கல் நோய் மிக வேகமாகக் கூடியது 15 முதல் 19 வயது வரையானவர்களிடம், அதிலும் பெண்பிள்ளைகளிடம் கூடுதலாக. நம் பிள்ளைகளின் கணக்கை யார் எடுப்பது?

நானும் சக ஆசிரியைகள் நால்வரும் பெற்றோர் கூட்டத்தில் எழுந்து இதைப் பேசினோம். ஆண்கள் நிறைந்த கூட்டத்தில் மலசலகூடத்தைப் பற்றிப் பேச வெட்கமாகத்தான் இருந்தது. ஒரு காக்கா தண்ணீர்த் தாங்கி தந்தார். இன்னொருவர் கதவுகளுக்குக் கொளுக்கி போட்டுத் தந்தார். இன்று மூன்றாம் பாடவேளை மணி அடித்தவுடன் என் வகுப்பில் எல்லோரும் போத்தலைத் திறக்க வேண்டும். புணர்ச்சி விதி அதுவரை பொறுத்திருக்கும். நானும் அவர்களோடு குடிக்கிறேன்.

தயிரும் திரும்ப வந்துவிட்டது. கடைசி ஸ்கேனில் கல் இல்லை.